தேதி கேட்ட இரண்டு டாக்டர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள். வீட்டில் கல்யாணமான பெண்ணோ மருமகளோ இருந்தால் கட்டாயம் படியுங்கள்.

போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். பத்தாம் வகுப்பில் என்னிடம் வரலாறு படித்தவள். கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிறது. குழந்தை இல்லை. கர்ப்பப்பையின் உட்சவ்வில் துளி எடுத்துச் சோதனை செய்திருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் 'நாள்பட்ட உட்சவ்வு அழற்சி' என்று வந்திருக்கிறது.

"டீச்சர், மாமியார் அதைப் படிச்சுட்டு, 'கர்ப்பப்பையிலயே கோளாறுன்னு எழுதியே குடுத்துட்டாங்க, இனிமே என்ன இருக்கு'ன்னு சொல்றாங்க. வேற பொண்ணு பாக்கலாம்னு பேச்சு நடக்குது. நான் என்ன தப்பு டீச்சர் பண்ணினேன்?"

நான் டாக்டர் இல்லை. முப்பது வருஷம் சரித்திரம் நடத்தினவள். சிகிச்சை பற்றி அவளுக்குச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் பெரிய சரித்திரம் இருக்கிறது. அதைச் சொல்ல முடியும் என்று தோன்றியது. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். எண்டோமெட்ரியோசிஸ் என்று ஒரு நோய் உண்டு. உட்சவ்வு போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளர்வது அது. நாம் பேசப்போவது எண்டோமெட்ரைட்டிஸ். கர்ப்பப்பைக்கு உள்ளேயே, உட்சவ்வில் வரும் அழற்சி. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு.

இந்த உட்சவ்வு என்பது கர்ப்பப்பை என்ற அறையின் உள்பூச்சு. கரு வந்து ஒட்ட வேண்டிய இடம் அதுதான். மாதாமாதம் வளர்ந்து, கரு வரவில்லை என்றால் உதிர்ந்து, மறுபடி வளர்கிறது. நம் உடம்பில் இப்படி மாதம் ஒருமுறை தன்னையே புதுப்பித்துக்கொள்ளும் இடம் வேறெதுவும் இல்லை.

இனி சரித்திரத்துக்கு வருவோம். முதலில் வியன்னா நகரம், 1847.

அங்கே பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள் பிரசவம் பார்த்தார்கள். இன்னொன்றில் மருத்துவச்சிகள். மாணவர்கள் வார்டில் 100 தாய்மார்களில் சுமார் 10 பேர் பிரசவக் காய்ச்சலில் செத்தார்கள். மருத்துவச்சிகள் வார்டில் 4 பேர்கூட இல்லை. எந்த வார்டில் சேர்க்கப்போகிறார்களோ என்று கர்ப்பிணிகள் அழுதார்களாம்.

அங்கே வேலை பார்த்த ஹங்கேரிக்காரர் இக்னாஸ் செம்மல்வைஸ் காரணத்தைக் கண்டுபிடித்தார். மாணவர்கள் பிணத்தை அறுத்த கையோடு வந்து பிரசவம் பார்த்தார்கள். கையைக் குளோரின் சுண்ணாம்பு நீரில் கழுவ வைத்தார். 1847 ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த சாவு ஜூனில் 2 சதவீதத்துக்கு இறங்கியது. இருந்தும் பெரிய டாக்டர்கள் பலர் ஒத்துக்கொள்ளவில்லை. தங்கள் கையில் அழுக்கு இருந்தது என்பதை யார்தான் ஒத்துக்கொள்வார்கள்? செம்மல்வைஸ் 1865-இல் மனநோய் விடுதி ஒன்றில் இறந்தார்.

பிரசவக் காய்ச்சல் பெரும்பாலும் இந்த உட்சவ்வில்தான் தொடங்குகிறது. பிழைத்த பெண்களிலும் சிலருக்குக் கிருமி மேலேறிக் கருக்குழாயை அடைத்துவிடும். அப்புறம் இன்னொரு குழந்தை இல்லை. அதற்கும் ஊர் வைத்த பெயர், 'அவளுக்கு ராசி இல்லை'.

அடுத்தது 1872. எமில் நோக்கராத் என்று ஒரு ஜெர்மன் டாக்டர், நியூயார்க்கில் தொழில் செய்தவர். அவர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். கணவனுக்குக் கல்யாணத்துக்கு முன்னால் வெட்டை நோய் வந்து, 'குணமாகிவிட்டது' என்று நினைத்திருப்பான். அது குணமாகியிருக்காது, மறைந்திருக்கும். மனைவிக்குத் தொற்றி, அவளது கர்ப்பப்பையையும் கருக்குழாயையும் கெடுத்து, அவளைப் பிள்ளையில்லாதவளாக ஆக்கும். இதுதான் அவர் சொன்னது.

மருத்துவ உலகம் அவரைக் கேலி செய்தது. மரியாதையான குடும்பத்து ஆண்களைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று கோபப்பட்டது. ஏழே வருஷத்தில், 1879-இல், ஆல்பர்ட் நைசர் என்ற 24 வயது இளைஞர் அந்த நோயின் கிருமியை மைக்ராஸ்கோப்பில் கண்டுபிடித்தார். நோக்கராத் சொன்ன கணக்கு கொஞ்சம் அதிகம்தான். ஆனால் விஷயம் உண்மை. குற்றவாளி இல்லாத இடத்தில் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு அவர் சரியான திசையைக் காட்டியிருந்தார்.

இந்தக் காலத்திலேயே இன்னொரு பக்கம் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. என் மாணவிக்கு நான் முக்கியமாகச் சொன்னது இதைத்தான்.

1840-களில் பாரிஸில் ஜோசப் ரெக்காமியே என்ற டாக்டர் கர்ப்பப்பையின் உள்ளே சுரண்ட ஒரு கருவி செய்தார். நீளக் காம்பு உள்ள சின்னக் கரண்டி மாதிரி இருக்கும். நம் ஊரில் 'டி அண்டு சி' என்று சொல்கிறோமே, அதன் மூதாதை. மயக்க மருந்தும் வந்த பிறகு ஐரோப்பா முழுக்க இந்தச் சுரண்டல் பரவியது. அதிக ரத்தப்போக்கா, சுரண்டு. வெள்ளைப்படுதலா, சுரண்டு. குழந்தை இல்லையா, சுரண்டு. எல்லாவற்றுக்கும் சொன்ன காரணம் ஒன்றே: எண்டோமெட்ரைட்டிஸ்.

சுரண்டி எடுத்ததை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் வழக்கம் 1870-களின் கடைசியில் பெர்லினில் வந்தது. கார்ல் ரூகே என்பவர் அதில் முன்னோடி. நல்ல முன்னேற்றம்தான். பார்த்தவர்கள் பார்த்ததை வகைப்படுத்தினார்கள். சுரப்பிகள் பெருத்து நெளிந்திருந்தால் ஒரு வகை அழற்சி. இடைத்திசு வீங்கியிருந்தால் இன்னொரு வகை. இரண்டும் சேர்ந்திருந்தால் மூன்றாவது வகை. பாடப் புத்தகங்களில் ஏறின, மாணவர்கள் மனப்பாடம் செய்தார்கள். ஒரு தலைமுறைக்கும் மேல் இதுதான் நடந்தது.

இதில் என்ன தப்பு என்று யோசித்துப் பாருங்கள். நான் வகுப்பில் கேட்பதுபோல் கேட்கிறேன். உட்சவ்வு மாதாமாதம் மாறும் என்று மேலே சொன்னேன் அல்லவா?

1907, 1908. மறுபடியும் வியன்னா. ஃபிரிட்ஸ் ஹிட்ஷ்மன், லுட்விக் அட்லர் என்று இரண்டு டாக்டர்கள். அவர்கள் செய்தது ரொம்பச் சின்ன வேலை. எடுத்த ஒவ்வொரு துணுக்குக்கும், அந்தப் பெண்ணின் மாதவிலக்கு கடைசியாக எந்தத் தேதியில் வந்தது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். பிறகு எல்லாவற்றையும் நாள் வரிசையில் அடுக்கிப் பார்த்தார்கள்.

விலக்கு முடிந்தவுடன் எடுத்த துணுக்கில் சவ்வு மெலிதாக, சுரப்பிகள் நேராக இருந்தன. நாள் போகப்போகத் தடித்தது. அடுத்த விலக்குக்கு முந்தின வாரத்தில் சுரப்பிகள் ரம்பப் பல் மாதிரி நெளிந்து, பெருத்து, உள்ளே சுரப்பு நிறைந்திருந்தது. இடைத்திசு நீர் கோத்து வீங்கியிருந்தது. அந்த நாளில் ஆரோக்கியமான பெண்ணுக்கு எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருந்தது. அத்தனை வருஷமாக நோய் என்று பெயர் வைத்து வகை பிரித்ததில் பெரும்பகுதி, கருவை வரவேற்கத் தயாராகும் சவ்வின் இயல்பான நிலை!

சரித்திர டீச்சருக்கு இதைவிடப் பிடித்த செய்தி இருக்க முடியுமா? "தேதி எதுக்கு டீச்சர், மனப்பாடம் பண்ணவே முடியல" என்று என்னிடம் அலுத்துக்கொண்ட பிள்ளைகள் எத்தனை பேர். இங்கே பாருங்கள், தேதி கேட்காததால் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு இல்லாத நோய் ஒட்டவைக்கப்பட்டது. தேதி கேட்டவுடன் அது கலைந்துபோனது.

அதற்குள் சுரண்டப்பட்டவர்கள் கதி என்ன? 1894-இலேயே ஹைன்ரிஷ் ஃபிரிட்ஷ் என்ற ஜெர்மன் டாக்டர் ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருந்தார். பிரசவத்துக்குப் பிறகு சுரண்டியதில் அவளது கர்ப்பப்பையின் உட்சுவர்கள் ஒட்டிக்கொண்டு விலக்கே நின்றுபோனது. 1948-இல் ஜோசப் ஆஷர்மன் இதை விரிவாக எழுதினார். இன்று அந்த நிலைக்கு அவர் பெயர்தான். பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்ணை, சிகிச்சையே பிள்ளை பெற முடியாதவளாக ஆக்கிய கதையும் இதில் உண்டு.

ஆனால் ஹிட்ஷ்மனும் அட்லரும் 'அழற்சி என்று ஒன்றே கிடையாது' என்று சொல்லவில்லை. உண்மையான நாள்பட்ட அழற்சியும் சிலருக்கு இருக்கிறது, அதற்குச் சுரப்பியின் வடிவத்தைப் பார்க்காதீர்கள், பிளாஸ்மா செல் இருக்கிறதா என்று பாருங்கள் என்றார்கள். பிளாஸ்மா செல் என்பது ரத்த வெள்ளணுக்களில் ஒரு வகை. அது என்ன வேலை செய்கிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. 1948-இல்தான் ஸ்வீடனில் அஸ்ட்ரிட் ஃபாக்ரேயஸ் என்ற பெண் விஞ்ஞானி, கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருளை உற்பத்தி செய்வது பிளாஸ்மா செல்தான் என்று காட்டினார். ஆக, உட்சவ்வில் பிளாஸ்மா செல் தங்கியிருக்கிறது என்றால் அங்கே உடம்பு எதையோ எதிர்த்து நாள்கணக்கில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். 1907-இல் வியன்னாவில் சொன்ன அடையாளம்தான் என் மாணவியின் ரிப்போர்ட்டிலும் இருக்கிறது.

அப்புறம் ஒரு விநோதம். முதலில் எல்லாருக்கும் இந்த நோய் என்றவர்கள், பிறகு யாருக்குமே இல்லை என்பதுபோல் நடந்துகொண்டார்கள். அபூர்வம், பெரிய தொந்தரவு தராது என்று பல பத்தாண்டுகள் ஒதுக்கி வைத்தார்கள். ஒரு விதிவிலக்கு உண்டு. அது நம் நாட்டைச் சேர்ந்த விஷயம்: காசநோய்.

1882 மார்ச் 24 அன்று ராபர்ட் கோக் பெர்லினில் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். காசநோய் என்றால் இருமல், நுரையீரல் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் அந்தக் கிருமி ரத்தத்தில் கலந்து கருக்குழாய்க்கும் போகும். அங்கிருந்து கர்ப்பப்பை உட்சவ்வுக்கு இறங்கும். இருமல் இருக்காது, காய்ச்சல்கூட இல்லாமல் போகலாம். சத்தமில்லாமல் கருக்குழாயை அடைத்துவிடும். பல பெண்களுக்குக் குழந்தை இல்லை என்று சோதிக்கப் போகும்போதுதான் தெரியவரும். மேலை நாடுகளில் இது அரிதாகிவிட்டது. இந்தியாவில் குழந்தையின்மைக்கு இன்றும் ஒரு முக்கியமான காரணம்.

இதைச் சோதிப்பதிலும் தேதி முக்கியம். காசநோயின் முடிச்சுகள் திசுவில் உருவாக நாள் பிடிக்கும். சவ்வோ மாதாமாதம் உதிர்ந்துவிடுகிறது. அதனால் விலக்கு வருவதற்குச் சற்று முன்னால் துணுக்கு எடுத்தால்தான் அகப்பட வாய்ப்பு அதிகம். வியன்னாக்காரர்கள் கற்றுக்கொடுத்த பாடம் இங்கேயும் உதவுகிறது.

காசநோய் சிகிச்சையில் நம் சென்னைக்கும் ஒரு பெருமை உண்டு. 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. 1952-இல் ஐசோனியாசிட் மாத்திரை வந்தது. ஆனால் நோயாளி மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுத்திருக்க வேண்டும் என்றுதான் உலகம் நம்பியது. 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கினார்கள். இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். நெரிசலான வீடுகளில் இருந்த ஏழை நுரையீரல் நோயாளிகளில் ஒரு பகுதியினரை வீட்டிலேயே வைத்தும், மற்றவர்களைச் சானடோரியத்தில் சேர்த்தும் மருந்து கொடுத்து ஒப்பிட்டார்கள். வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பலனைத் தருகிறது என்று 1959-இல் வெளியிட்டார்கள். உலகம் அதைப் பின்பற்றியது. குடும்பத்தை விட்டுவிட்டு வருஷக்கணக்கில் படுக்க முடியாத பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசியுங்கள். கர்ப்பப்பைக் காசநோய்க்கும் இன்று வீட்டிலிருந்தே ஆறு மாதம் மாத்திரைதான். அரசு மருத்துவமனையில் இலவசம். ஆனால் கெட்டுப்போன கருக்குழாய் மாத்திரையால் திரும்பிவிடாது. அதனால்தான் சீக்கிரம் கண்டுபிடிப்பது முக்கியம்.

காசநோய் அல்லாத நாள்பட்ட அழற்சி மறுபடி கவனத்துக்கு வந்ததற்குக் காரணம் சோதனைக்குழாய்க் குழந்தை. 1978 ஜூலை 25-இல் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்தாள். அதே வருஷம் அக்டோபர் 3-இல் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியில் 'துர்கா' பிறந்தாள். கருவை வெளியே உருவாக்கி உள்ளே வைக்க முடிந்த பிறகு ஒரு கேள்வி எழுந்தது. கரு நன்றாக இருக்கிறது, வைத்தும் ஆயிற்று, ஏன் ஒட்டவில்லை? விதை நன்றாக இருந்தால் நிலத்தைத்தானே பார்க்க வேண்டும்?

கருமுட்டை வெளிவந்து சுமார் 6 முதல் 10 நாளுக்குள் கரு சவ்வில் ஒட்ட வேண்டும். அந்தச் சில நாட்கள்தான் கதவு திறந்திருக்கும். அந்நேரத்தில் சவ்வில் எந்த எதிர்ப்பு அணுக்கள் எவ்வளவு இருக்க வேண்டும் என்று உடம்புக்கு ஒரு கணக்கு உண்டு. கருவில் பாதி அப்பாவுடையது. அம்மா உடம்புக்கு அது அந்நியம். இருந்தும் ஏற்றுக்கொள்ள வேண்டும். நாள்பட்ட அழற்சி இருந்தால் இந்தக் கணக்கு குழம்புகிறது. சவ்வு புரோஜெஸ்டிரான் ஹார்மோனுக்குச் சரியாக இணங்குவதில்லை, கர்ப்பப்பைத் தசையின் அசைவும் மாறுகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். கரு ஒட்டாமல் போகலாம், ஒட்டியும் கலையலாம்.

பெரும்பாலும் வெளியே எந்த அறிகுறியும் இருக்காது. சிலருக்கு விலக்குக்கு இடையில் லேசான கறை, அடிவயிற்றில் மந்தமான வலி இருக்கலாம். கிருமிகளும் பெரும்பாலும் சாதாரணமானவை. குடலில் இருக்கும் ஈ. கோலை, ஸ்ட்ரெப்டோகாக்கஸ், மைக்கோபிளாஸ்மா இப்படி. ஒழுக்கத்துக்கும் இதற்கும் முடிச்சுப் போட ஒன்றும் இல்லை.

2000-க்குப் பிறகு பிளாஸ்மா செல்லைத் தனியாக நிறமேற்றிக் காட்டும் சி.டி. 138 என்ற சோதனை பரவியது. மெல்லிய கேமராவை உள்ளே விட்டுப் பார்க்கும் ஹிஸ்டெரோஸ்கோப்பியும் உண்டு. டாக்சிசைக்ளின் போன்ற சாதாரண ஆன்டிபயாட்டிக் மாத்திரை இரண்டு வாரம் கொடுத்தாலே பலருக்கு அழற்சி மறைந்துவிடுகிறது. மறைந்தவர்களுக்குக் கருத்தரிப்பு வாய்ப்பு கூடுகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அவற்றில் பல சிறிய ஆய்வுகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எத்தனை பிளாஸ்மா செல் இருந்தால் நோய் என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. குழந்தையில்லாத பெண்களில் 3 சதவீதம் பேருக்கு என்று ஓர் ஆய்வு சொன்னால், பாதிப் பேருக்கு மேல் என்று இன்னொன்று சொல்கிறது. ரூகே காலத்து ஆபத்து இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. எல்லாரிடமும் நோயைப் பார்க்கும் கண்ணும் தப்பு, யாரிடமும் பார்க்காத கண்ணும் தப்பு.

என் மாணவியிடம் நான் சொன்னதன் சுருக்கம் இது:

"அம்மா, உன் ரிப்போர்ட்ல எழுதியிருக்கிறது தீர்ப்பு இல்ல. சரிபண்ணக்கூடிய ஒரு விஷயத்தோட பேரு. டாக்டர்கிட்ட நாலு கேள்வி கேளு. துணுக்கு எடுத்தது விலக்காகி எத்தனாவது நாள்? பிளாஸ்மா செல்லைத் தனியா நிறமேத்திப் பாத்தாங்களா? காசநோய்க்குச் சோதிச்சாங்களா? பி.சி.ஆர். ஒண்ணை மட்டும் வச்சுச் சொல்றாங்களா, வேற ஆதாரமும் இருக்கா? மருந்து முடிஞ்சப்புறம் மறுபடி பாப்பாங்களா?"

பிறகு ஐந்தாவதாக ஒன்று கேட்டேன். "உன் வீட்டுக்காரருக்கு விந்துச் சோதனை செஞ்சாச்சா?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "இல்ல டீச்சர். ஆறு வருஷமா எனக்கு மட்டும்தான் எல்லா டெஸ்ட்டும்."

எனக்கு 1872-ஆம் வருஷத்து நோக்கராத் ஞாபகம் வந்தார். குழந்தையில்லாத தம்பதிகளில் சுமார் பாதிப் பேரிடம் ஆண் தரப்புக் காரணமும், தனியாகவோ சேர்ந்தோ, இருக்கிறது. ஒரு கிண்ணமும் ஒரு மைக்ராஸ்கோப்பும் போதும் அந்தச் சோதனைக்கு. கத்தி வேண்டாம், மயக்க மருந்து வேண்டாம். ஆறு வருஷத்தில் அதைச் செய்ய யாருக்கும் தோன்றவில்லை.

அவள் போனை மாமியாரிடம் கொடுக்கச் சொன்னேன். அந்த அம்மாவும் கெட்டவர் இல்லை. பேரப்பிள்ளை ஆசை, ஊர் வாய்க்குப் பயம். "காய்ச்சல் வந்தா மாத்திரை குடுக்கறோம்ல, அது மாதிரிதாங்க இதுவும். காய்ச்சல் வந்ததுக்காக மருமகளை மாத்துவீங்களா?" என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. ஆனால் வைத்துவிடவும் இல்லை, கேட்டுக்கொண்டிருந்தார்.

போன வாரம் மாணவி மெசேஜ் அனுப்பியிருந்தாள். மாத்திரை ஆரம்பித்திருக்கிறாள். கணவரும் சோதனைக்கு வந்திருக்கிறார். ரிசல்ட் என்ன என்று எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. "ரெண்டு பேரும் சேர்ந்து போனோம் டீச்சர்" என்று மட்டும் இருந்தது.

குழந்தை பிறக்குமா என்பது எனக்குத் தெரியாது. பிறந்தால் சந்தோஷம். பிறக்காவிட்டாலும் அவள் அதே பெண்தான், என் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து கேள்வி கேட்டவள்தான்.

அடுத்த முறை கல்யாண வீட்டில் யாரிடமாவது "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று கேட்கத் தோன்றினால், தயவுசெய்து சாப்பாடு நன்றாக இருந்ததா என்று கேளுங்கள்.

பகிர விரும்புகிறவர்கள் பகிரலாம். மருத்துவ நண்பர்கள் யாராவது படித்தால், பிழை இருந்தால் கமெண்ட்டில் திருத்துங்கள். திருத்திக்கொள்கிறேன்.